பயிற்சி தரும் ஊருக்கு மருத்துவர் கிடைப்பார்

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. குடும்ப மருத்துவர் ஆக, அதன் பிறகு மூன்று ஆண்டுகள் ரெசிடென்சி என்ற பயிற்சியையும் முடிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கான அரசு நிதியில் பெரும்பங்கைத் தருவது, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்.

1997-இல் வந்த சட்டம், மெடிகேர் பணம் தரும் பயிற்சி இடங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. இடங்கள் பெரும்பாலும் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டன. கிராமங்களில் மருத்துவர் பற்றாக்குறை தீரவில்லை.

பயிற்சி முடித்தவர்களில் பலர், பயின்ற இடத்துக்கு அருகிலேயே தொழில் தொடங்குகிறார்கள். மூன்று ஆண்டு பழகிய ஊர், நோயாளிகள் அறிமுகம், பிள்ளைகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம். இதை உணர்ந்துதான், 2010-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் நாடிவரும் சமூக சுகாதார மையங்களிலேயே பயிற்சி நடத்த நிதி ஒதுக்கியது. 2020 டிசம்பரில் நிறைவேறிய இன்னொரு சட்டம், 1000 புதிய இடங்களுக்கு வழிசெய்தது. அவற்றில் கிராமப்புற மருத்துவமனைகளுக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்கு உண்டு.

தேவையோடு ஒப்பிட்டால் இது போதாது. ஆனால் பாதை சரியானது. மருத்துவர் இல்லாத ஊரில் பயிற்சிக்குச் செலவிடுங்கள். அந்த ஊருக்கு மருத்துவர் கிடைப்பார்.