கழித்த கிண்ணங்கள்

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் எங்கள் விருத்தாசலத்திற்கு, பிற்காலத்தில் மற்றொரு பெயரையும் தேடித் தந்தது பீங்கான். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் படிந்து கிடக்கும் வெண்களிமண் அதற்குத் துணை நின்றது. ஊறுகாய் ஜாடியும், பியூஸ் கட்டையும், அகல்விளக்கும், பொம்மையும் எங்கள் தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து ஊரூராகச் சென்றன.

சூளையோ கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது. எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்வதில்லை. சாய்ந்த கிண்ணம், விளிம்பு சிதைந்த ஜாடி ஆகியவை சந்தைக்குச் செல்லாமல் எங்கள் சமையற்கட்டுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்கு எங்கள் இல்லத்தரசிகள் கண்ட பயன்கள் பல.

பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் மட்டும் மெருகின்றிச் சொரசொரப்பாக இருக்கும். சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க அவ்விடத்தில் மட்டும் மெருகுப் பூச்சைத் துடைத்துவிடுவர். நன்கு சுட்ட பீங்கான் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. ஆகவே மழுங்கிய கத்தியைச் சற்றே சாய்த்து அவ்வளையத்தின் மீது நாலைந்து முறை இழுத்தால், தக்காளித் தோலில் தயக்கமின்றி இறங்கும். சாணைக்காரரை எதிர்பார்த்துத் தெருவில் நிற்க வேண்டுவதில்லை. மூடி உடைந்த ஜாடியில் கல்லுப்பு வைத்து, கொட்டாங்கச்சியால் மூடுவதும் வழக்கம். உட்புறத்து மெருகில் கீறல் விழுந்த ஜாடியில் மட்டும் புளிப்புப் பண்டங்களை வைத்தலாகாது. சாறு கீறலுக்குள் ஊறிக் கெடும்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி. எங்கள் வீட்டில் கம்பிவலை அலமாரியின் நான்கு கால்களும், கழித்த கிண்ணங்கள் நான்கில் நின்றன. கிண்ணத்தில் நீர், எறும்பு நீந்தி ஏறாது. அகழி சூழ்ந்த கோட்டை என்று நானே அதனை வியந்ததுண்டு.

2017ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் பரவியபோது, சுகாதாரப் பணியாளர் ஒருவர் கைவிளக்குடன் வீடு வீடாக வந்தார். என்னிடம் படித்த பெண். அலமாரியின் கீழே குனிந்தவர், சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “சார், இதைக் கரும்பலகையில் வரைந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தானே?” என்றார். குனிந்து பார்த்தேன். கிண்ணத்து நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அடுத்த அறையில் என் பேத்தி காய்ச்சலோடு படுத்திருந்தாள். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. அக்கிண்ணத்துக் கொசுதான் கடித்தது என்று மெய்ப்பிக்க இயலாது. அன்று என்று மறுக்கவும் எனக்கு நாவெழவில்லை. குழந்தை பிழைத்தாள், அந்தப் பத்து நாட்களை நான் மறக்கவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரையே விரும்பும். கடிப்பதும் பெரும்பாலும் பகலிலேயே. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அம்முட்டை நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். ஆகவே பழைய நீரைக் கொட்டிப் புது நீர் ஊற்றுவது மட்டும் போதாது. என் பிழையும் அதுவே. முட்டை கொசுவாவதற்கு வெப்பக் காலத்தில் எட்டுப் பத்து நாட்களே ஆகும். எனவே வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் நாரால் உட்சுவரை அழுந்தத் தேய்க்க வேண்டும். நீரின் மீது சிறிது எண்ணெய் விடுவதும் நன்று. புழு நீரின் மேற்பரப்புக்கு வந்தே மூச்சு விடுவதால், எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயே இதற்குப் போதும். எறும்புக்கும் அது தடையே.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை தோறும் நான்கு கிண்ணங்களையும் தேய்ப்பவன் நான். அலமாரியைத் தூக்கிப் பிடிப்பவர் என் மனைவி. கைவிளக்கைப் பிடித்து, தேய்த்தது போதாது என்று திருப்பிக் கொடுப்பவள் பேத்தி.