டைரி எழுத நோட்டா, ஃபோனா? முதல்ல வேற ஒரு கேள்வி

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.

டிசம்பர் வந்தாலே நம்ம ஊர்ல டைரி சீசன். பேங்க்ல ஒண்ணு, எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுத்தது ஒண்ணு, நகைக்கடையில கேலண்டரோட சேர்த்துக் கொடுத்தது ஒண்ணு. எல்லாத்துலயும் ஜனவரி 1-ஆம் தேதி பக்கம் மட்டும் அழகான கையெழுத்துல நிறைஞ்சிருக்கும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறதோட அது நின்னுடும். மார்ச் மாசம் அதே டைரி பால் கணக்கு நோட்டா மாறிடும். பரவாயில்லை, பால் கணக்கும் ஒரு பதிவுதான்.

ஆனா இந்த வருஷம் நிஜமாவே எழுதணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் மெயில் பண்ணியிருக்கீங்க. கிட்டத்தட்ட எல்லாரோட கேள்வியும் ஒண்ணுதான். நோட்டுல எழுதறதா, ஆப்ல எழுதறதா?

வழக்கமா இதுக்கு ரெண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி "பேனா பிடிச்சு எழுதினாதான் மனசுல இருந்து வரும்"னு சொல்லும். இன்னொரு கட்சி "தேடலாம், ஃபோட்டோ சேர்க்கலாம், பேக்கப் இருக்கும்"னு சொல்லும். பேனா கட்சிக்காரங்க அடிக்கடி 2014-ல வந்த ஒரு ஆய்வைக் காட்டுவாங்க. அது லேப்டாப்ல குறிப்பு எடுக்கிற மாணவர்களையும் கையால எடுக்கிறவங்களையும் ஒப்பிட்ட ஆய்வு. அது வகுப்புக் குறிப்பு பத்தினது, டைரி பத்தினது இல்லை. டைரிக்குக் கொஞ்சம் நெருக்கமா வர்றது ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1986-ல வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம்னு 4 நாள் தொடர்ந்து எழுதச் சொன்னாங்க. தன்னை ரொம்பப் பாதிச்ச சம்பவத்தையும், அப்போ என்ன உணர்ந்தோம்ங்கிறதையும் சேர்த்து எழுதினவங்க, அடுத்து வந்த மாசங்கள்ல உடம்பு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட போனது குறைஞ்சுது. அங்க வித்தியாசத்தைக் கொண்டுவந்தது எதைப் பத்தி எழுதினாங்க, எவ்வளவு மனசு திறந்து எழுதினாங்கங்கிறதுதான்.

அப்போ நம்ம கேள்வியும் கொஞ்சம் மாறணும். எதுல எழுதினா உங்களால பொய் சொல்லாம எழுத முடியும்?

யார்கிட்ட இருந்து ஒளிக்கிறீங்க?

வந்த மெயில்கள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. பேரு, ஊரு எதுவும் சொல்லப்போறதில்லை. காலேஜ் படிக்கும்போது அவங்க டைரியை வீட்ல எடுத்துப் படிச்சுட்டாங்க. பெருசா சண்டை நடந்துச்சு. அவங்க எழுதினது இது: "சண்டை 1 வாரத்துல முடிஞ்சிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் 6 வருஷமா என்னால ஒரு வரிகூட எழுத முடியலை. பேனாவை எடுத்தாலே பின்னாடி யாரோ நின்னு படிக்கிற மாதிரி இருக்கு."

இவங்ககிட்ட போய் "பேப்பர் வாசனையே தனி"ன்னு எப்படிச் சொல்ல முடியும்?

என் வேலையில திரெட் மாடல்னு ஒரு வார்த்தை இருக்கு. ஒரு சிஸ்டத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி உட்கார்ந்து கேட்கிற கேள்வி அது. எதைக் காப்பாத்தணும், யார்கிட்ட இருந்து, அவங்களுக்கு எந்த வழியெல்லாம் திறந்திருக்கு? டைரிக்கும் இதேதான். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆபத்து எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஹேக்கர் கிடையாது. ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைக்கிற அம்மா. ஹாஸ்டல் ரூம்மேட். சார்ஜர் தேடுறேன்னு பையைத் திறக்கிற தம்பி. தனி ரூமே இல்லாத வீட்ல, பூட்டு போட்ட டிராயர்ங்கிறதே "உள்ள என்ன வெச்சிருக்கே?"ங்கிற கேள்வியைக் கிளப்பிடும்.

அந்த மாதிரி வீட்ல இருக்கிறவங்களுக்கு என் பதில் நேரடியானது. ஃபோன்ல எழுதுங்க. நோட்டுப் புத்தகம் தான் அங்க இருக்கிறதையே ஊருக்குச் சொல்லும். ஃபோன் எல்லார் கையிலயும் இருக்கிற சாதாரணப் பொருள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா ஃபோன் லாக் நம்பர் வீட்ல எல்லாருக்கும் தெரியும்னா, குழந்தை கேம் விளையாட அதே ஃபோனைத்தான் வாங்கும்னா, ஆப்புக்குத் தனியா வேற ஒரு லாக் போடுங்க. ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் எழுதவே எழுதாதீங்க. அந்த மெஷின் கம்பெனியோடது. அதுல என்ன இருக்குன்னு பார்க்கிற வசதி உங்களைத் தவிர வேற ஆளுங்களுக்கும் இருக்கும்.

தனியா தங்கியிருக்கீங்க, வீட்ல யாரும் தொட மாட்டாங்கன்னா கதை அப்படியே தலைகீழ். அங்க நோட்டுதான் பாதுகாப்பு. ஒரு நோட்டைத் தூரத்துல இருந்து யாராலயும் திருட முடியாது. அதுக்கு டேட்டா லீக் கிடையாது. எரிச்சா, எரிஞ்சதுதான். கிளவுட்ல அழிச்சதுக்கு அப்புறம் எத்தனை பேக்கப்ல அது மிச்சம் இருக்குன்னு உங்களால எட்டிப் பார்க்க முடியாது.

பூட்டும் சாவியும்

ஆப் தேர்ந்தெடுக்கிறவங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். ஆப் லாக் வேற, என்க்ரிப்ஷன் வேற. ஆப் லாக்ங்கிறது வாசல் கதவு மாதிரி. பக்கத்துல இருக்கிறவங்களைத் தடுக்கும். ஆனா எழுதினது அந்தக் கம்பெனி சர்வர்ல அவங்களால படிக்க முடியற வடிவத்துலயே இருக்கலாம். எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன்னா, உங்க ஃபோனை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடியே எழுத்து குழப்பமான குறியீடா மாறிடும். அதைத் திரும்பப் படிக்கிற சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். இதுல ஒரு விலையும் உண்டு. சாவியைத் தொலைச்சுட்டா கஸ்டமர் கேர்ல அழுதாலும் வேலைக்கு ஆகாது.

இது புதுப் பிரச்சினை இல்லை. சாமுவேல் பெப்பீஸ்னு லண்டன்ல கடற்படை நிர்வாகத்துல வேலை பார்த்த ஒரு அதிகாரி, 1660-ல இருந்து 1669 வரை டைரி எழுதினார். கொள்ளை நோய், லண்டன் தீ விபத்து, சொந்த வாழ்க்கையில பண்ண அத்தனை தப்பு, எல்லாம் அதுல இருக்கு. யாரும் சட்டுனு படிச்சிடக் கூடாதுன்னு சுருக்கெழுத்துல எழுதினார். வம்பான இடங்கள்ல ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச் வார்த்தைகளையும் கலந்துட்டார். நாம தமிழ்ல பேசிட்டே சட்டுனு இங்கிலீஷுக்குத் தாவுவோமே, அந்த மாதிரி. அவருக்கப்புறம் டைரி கேம்பிரிட்ஜ்ல ஒரு கல்லூரிக்குப் போச்சு. 1819-ல ஒருத்தர் அதைப் படிக்க உட்கார்ந்து, 3 வருஷம் மண்டையை உடைச்சு முடிச்சார். அந்தச் சுருக்கெழுத்தைச் சொல்லித்தர்ற புத்தகம் அதே நூலகத்துலயே இருந்துச்சு. அவருக்குத்தான் அது தெரியலை.

சாவியைப் பூட்டு பக்கத்துலயே வைக்கிறதுன்னா இதுதான். பாஸ்வேர்டை ஃபோன் நோட்ஸ்ல "டைரி பாஸ்வேர்டு"ன்னு தலைப்பு போட்டு சேவ் பண்ணி வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க.

எது ரொம்ப நாள் நிக்கும்?

ஃபோன்ல எழுதினா பத்திரமா இருக்கும்னு ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கு. நம்ம அண்ணன், அக்கா செட்டைக் கேளுங்க. ஆர்குட்ல உருகி உருகி எழுதினதெல்லாம் எங்கேன்னு. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை மூடினாங்க. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு. ஜியோசிட்டீஸ் 2009-லயே போச்சு. உங்க வாழ்க்கை இன்னொரு கம்பெனியோட லாப நஷ்டக் கணக்குல ஒரு வரியா இருந்தா, அந்த வரியை அடிக்கிற உரிமையும் அவங்களோடதுதான்.

அதனால எந்த ஆப் எடுத்தாலும் முதல் நாளே எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடுங்க. அழுத்திப் பாருங்க. வெளியே வர்ற ஃபைல் அந்த ஆப் இல்லாமலே திறக்குதான்னு பாருங்க. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வந்தா ரொம்ப நல்லது. அதைத் திறக்க 30 வருஷம் கழிச்சும் ஏதாவது ஒண்ணு இருக்கும். அந்த ஆப்போட சொந்த வடிவத்துல மட்டும்தான் வரும்னா, அந்த ஆப்பை விட்டுடுங்க. ஒரு விஷயம் மறந்துடாதீங்க: வெளியே வந்த அந்த ஃபைலுக்கு எந்தப் பூட்டும் கிடையாது. டவுன்லோட்ஸ்ல அப்படியே கிடக்க விடாதீங்க.

பேப்பரும் சாகாவரம் வாங்கினது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை வீட்டு அலமாரி தண்ணிக்குள்ள போச்சுன்னு உங்களுக்கே தெரியும். கரையான் இருக்கு, ராமபாணப் பூச்சி இருக்கு. பேனா மைகூட ஒரு விஷயம். சாதாரண ஜெல் பேனா மை பலதும் தண்ணி பட்டா கரைஞ்சு ஓடும். தேய்ச்சா அழியற பேனான்னு கடையில விக்குதே, அந்த மை கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்டுல மறைஞ்சிடும். மே மாசம் மத்தியானம் வெயில்ல நிறுத்தின கார் டாஷ்போர்டு மேல அந்த நோட்டை வெச்சுட்டுப் போயிடாதீங்க. பிக்மெண்ட் மைன்னு போட்டிருக்கிற பேனா வாங்குங்க, தண்ணிக்கும் வெயிலுக்கும் நல்லா தாங்கும்.

ஆனாலும் பேப்பருக்கு ஒரு பெரிய சாட்சி நம்மகிட்டயே இருக்கு. புதுச்சேரியில துப்ளேக்ஸ் காலத்துல துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல டைரி எழுத ஆரம்பிச்சு, 1761-ல சாகிற வரைக்கும் எழுதினார். கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது, ஊர்ல என்ன வதந்தி, எல்லாத்தையும் அந்தக் காலத்துப் பேச்சு நடையிலயே எழுதி வெச்சார். அதை 1846-லதான் வெளியாள் ஒருத்தர் கண்டுபிடிச்சார். அதுவரைக்கும் 85 வருஷம். யாரும் லாகின் பண்ணலை, சந்தா கட்டலை, அப்டேட் போடலை. அப்பவும் அது படிக்கிற நிலைமையில இருந்துச்சு. அப்புறம் அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 1904-ல இருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா போட்டாங்க. ஆனா இடையில சில காலகட்டத்துக்கான ஏடுகள் கிடைக்கவே இல்லை. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தா வர்ற ஆபத்து அது.

இதோட ஒப்பிடுங்க. கூகுள் கணக்கை 2 வருஷம் யாரும் தொடலைன்னா, அதை உள்ள இருக்கிறதோட சேர்த்து அழிக்கலாம்ங்கிறது 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கிற விதி. பிள்ளைவாள் டைரி அங்க இருந்திருந்தா 1763-லயே முடிஞ்சிருக்கும்.

இதுல தமிழ்ல எழுதறவங்களுக்குத் தனியா ஒரு சிக்கல் இருக்கு. ஃபோனோட பெரிய பலமே தேடறதுதான். ஆனா நாம தமிழை ஆங்கில எழுத்துல தட்டுறோம். "ரொம்ப"ங்கிற ஒரே சொல்லை ஒரே நாள்ல நாலு ஸ்பெல்லிங்ல எழுதறோம். 5 வருஷம் கழிச்சுத் தேடினா பாதிதான் சிக்கும். தமிழ் கீபோர்டுல எழுதுங்க, இல்லைன்னா வாய்ஸ் டைப்பிங் பண்ணுங்க.

படிக்காம வெச்சிருந்த ஒருத்தங்க

கடைசியா, டெக்னாலஜியால தீர்க்க முடியாத பகுதி.

ஆன் ஃபிராங்க் டைரி உங்களுக்குத் தெரியும். 13-வது பிறந்தநாளுக்குக் கிடைச்ச நோட்டுல 1942 ஜூன்ல ஆரம்பிச்சது. 1944 மார்ச்ல ரேடியோவுல ஒரு டச்சு அமைச்சர், போர் முடிஞ்சதும் சாதாரண மக்களோட டைரியையும் கடிதத்தையும் சேகரிப்போம்னு பேசினார். அதைக் கேட்டபிறகு, தான் எழுதினதையே வெளி உலகம் படிக்கிற மாதிரி தனித்தாள்கள்ல திருத்தி எழுத ஆரம்பிச்சாங்க அந்தப் பொண்ணு. யாரோ படிக்கப்போறாங்கன்னு தெரிஞ்சதும் எழுத்து மாறும். குளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு ஸ்டோரி போடுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். 12 பேர் பார்க்கிற இடத்துல எழுதறது டைரி இல்லை. அது வேற ஒண்ணு. நல்லதாவே இருக்கலாம், ஆனா வேற.

அந்தக் குடும்பம் 1944 ஆகஸ்ட்ல கைதானபிறகு, அவங்களுக்கு ஒளிவிடத்துல உதவி பண்ணிட்டிருந்த மீப் கீஸ் அந்தத் தாள்களை எல்லாம் பொறுக்கி எடுத்து ஆபீஸ் மேஜை டிராயர்ல வெச்சாங்க. படிக்கலை. அந்தப் பொண்ணு திரும்பி வந்து வாங்கிக்கும்னு வெச்சிருந்தாங்க. அவங்க திரும்பி வரலைன்னு உறுதியானதும், அப்படியே எடுத்து அவங்க அப்பா கையில கொடுத்தாங்க. ஒருவேளை நான் படிச்சிருந்தா அதை அழிச்சிருப்பேன்னு பின்னாடி சொன்னாங்க, ஏன்னா உதவி பண்ணவங்களோட விவரமெல்லாம் அதுல இருந்துச்சு.

அந்த டைரியைக் காப்பாத்தினது எந்தப் பூட்டும் இல்லை. தன்னோடது இல்லாத ஒரு நோட்டைத் திறக்காம விட்ட ஒரு ஆள்.

சரி, சுருக்கமா சொல்லிடறேன். வீட்ல தனிமை இல்லைன்னா ஃபோன், தனி லாக், எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், வருஷத்துக்கு ரெண்டு தடவை எக்ஸ்போர்ட். தனிமை இருந்தா நோட்டு, நல்ல மை, தரையில இருந்து உயரமா ஒரு தட்டு. யாருக்கும் கிடைக்கவே கூடாதுன்னு நினைக்கிற விஷயமா? ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிட்டு, அன்னைக்கே கிழிச்சுடுங்க. சேமிச்சாதான் டைரின்னு எந்தச் சட்டமும் இல்லை. 4 நாள், 15 நிமிஷம், அதோட கிழிச்சுப் போட்டாலும் எழுதினது எழுதினதுதான்.

உங்களுக்கப்புறம் யாராவது படிக்கணும்னு ஆசை இருந்தா, அந்த ஆள் யாருன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. ஆப்பிள்ல லெகசி காண்டாக்ட்னு ஒரு வசதி இருக்கு, கூகுள்ல இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் இருக்கு. ரெண்டையும் செட் பண்ண 10 நிமிஷம் போதும். என்க்ரிப்ஷன் சாவியையும் அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ற மாதிரி வைக்க மறந்துடாதீங்க.

இன்னொண்ணு, இது எழுதறவங்களுக்கு இல்லை. உங்க வீட்ல தங்கச்சியோ, தம்பியோ, மனைவியோ, மகனோ எழுதின நோட்டு ஒண்ணு கண்ணுல பட்டா, தூசியைத் துடைச்சுட்டு இருந்த இடத்துலயே வெச்சிடுங்க. அக்கறைதான்னாலும் திறக்காதீங்க. கவலையா இருந்தா நேர்ல கேளுங்க, "என்னடா, ஒரு மாதிரி இருக்கே?"ன்னு. அதுக்கு எந்தப் பாஸ்வேர்டும் வேண்டாம்.

அடுத்த வாரம், பழைய ஃபோனை விக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்னு பார்ப்போம்.