"நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்"

வீடு கட்டி முடிச்சு, பால் காய்ச்சி, அதுக்கப்புறம் கூரை ஒழுகினா என்ன செய்யறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். இது எங்க வீட்டுக் கதை.

தாம்பரம் பக்கத்துல அப்பா எப்பவோ வாங்கிப் போட்ட அரை கிரவுண்ட் மனை. அவரோட ரிட்டையர்மென்ட் பணம், மிச்சத்துக்கு என் பேர்ல ஹோம் லோன். தெரிஞ்சவர் மூலமா வந்த கான்ட்ராக்டர். சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒரே பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆவணியில கிரகப்பிரவேசம். அதுக்கு முந்தின வாரம், "பெயின்டருக்குக் கொடுக்கணும், டைல்ஸ்காரருக்குக் கொடுக்கணும்"னு வந்து நின்னார். பாக்கி முழுசையும் கொடுத்துட்டோம். நாங்க செஞ்ச பெரிய தப்பு அதுதான்.

ஐப்பசி மழையில பெட்ரூம் சீலிங் நனைஞ்சுது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஒரு விரிசல். போன் பண்ணா, "நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்". அந்த 'நாளைக்கு' பொங்கல் வரைக்கும் வரவே இல்ல. "தெரிஞ்ச மனுஷன்டா, கேஸு கீஸுன்னு போக வேணாம்"னார் அப்பா. ஆனா ராத்திரி மழை பெஞ்சா அவர்தான் எழுந்து போய் பக்கெட் வச்சுட்டு, சீலிங்கையே பார்த்துட்டு நிப்பார். அதைப் பார்த்த அப்புறம்தான் நான் இறங்கினேன்.

முதல்ல, எல்லா விரிசலும் ஆபத்து கிடையாது. பூச்சுல முடி மாதிரி ஓடுறது சாதாரணம். காலமும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா வந்தா, பூசறதுக்கு முன்னாடி அங்க மெஷ் அடிக்காம விட்டிருக்கலாம். சாய்வா வந்து, அகலமாகிட்டே போறதுதான் கவனிக்க வேண்டியது. அதோட ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதுங்க. மாசாமாசம் போட்டோ எடுங்க.

அடுத்து, கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு எழுத்துல ரிப்போர்ட் வாங்கினேன். மாடியில வாட்டம் சரியில்லை, தண்ணி பைப்புக்குப் போகாம தேங்குது. ஜன்னல் மேல இருக்கற லின்டல் சுவருக்குள்ள போதுமான அளவு உட்காரல. ரிப்போர்ட்ல இருந்தது இவ்வளவுதான். அதோட போட்டோக்களையும் வச்சு, குறைகளை நம்பர் போட்டு எழுதி, 15 நாள் டைம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் ஆள் வந்தாங்க. மாடி வேலையைச் செஞ்சு கொடுத்தாங்க. லின்டல் செலவு எங்க தலையில.

வராம இருந்திருந்தா? இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பில்டர்கிட்ட ஃபிளாட் வாங்கி, அது ரெராவுல பதிவான புராஜெக்டா இருந்தா, 2016 ரெரா சட்டத்தோட 14-வது பிரிவு இருக்கு. சாவி கையில வந்த 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் தன் செலவுல சரி பண்ணணும். உங்க சொந்த மனையில கான்ட்ராக்டர் கட்டின வீட்டுக்கு இது உதவாது. அதுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த பணம் 50 லட்சம் வரைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதல்ல 1915-க்குப் போன் பண்ணியும் புகார் சொல்லலாம்.

ஆனா ஆணையத்துக்குப் போக 2 வருஷம்தான் டைம். அவர் சொல்ற ஒவ்வொரு 'நாளைக்கு'ம் அந்த 2 வருஷத்துலதான் கழியுது. அதனால போன்ல பேசினா, பேசினதை உடனே வாட்ஸ்அப்ல எழுதிப் போடுங்க.

இனிமே கட்டப்போறவங்களுக்கு: எந்த வேலை முடிஞ்சா எவ்வளவு பணம்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கம்பியையும், பூசறதுக்கு முன்னாடி பைப் லைனையும் போட்டோ எடுங்க. மாடியிலயும் பாத்ரூம்லயும் ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்திப் பாருங்க. கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டின பிறகுதான் கொடுப்போம்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க. இதுக்கு ஒத்துக்காதவர்கிட்ட வேலையே கொடுக்காதீங்க.

அப்பா இப்போ மழை பெஞ்சா தூங்குறார். பக்கெட்டை மட்டும் இன்னும் பரண்ல வச்சிருக்கார்.