மலையில் ஓடுகிறவர் நம் தெருவிலும் ஓடட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வரும் பிப்ரவரியில் நம் பகுதியில் நடக்கவிருக்கும் 10 கி.மீ. சாலை ஓட்டத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். சிறுமலை, கொடைக்கானல் பக்கமிருந்து மலைப்பாதையில் ஓடிப் பழகியவர்கள் வந்து கலந்துகொள்ளலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. இதை இப்போதைய இளைஞர்கள் 'ட்ரெயில் ரன்னிங்' என்கிறார்கள். "அவர்களை விட்டால் பரிசு முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போன வருடம் நானும் அதே கட்சியில்தான் இருந்தேன். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

முதலில், மலை ஓட்டத்துக்கும் சாலை ஓட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

மலைப்பாதையில் ஓர் அடியைப் போல இன்னோர் அடி இருக்காது. கல், வேர், சரளை, ஈரமண் என்று மாறி மாறி வரும். அடியைச் சின்னதாக வைக்க வேண்டும், கண் தரையை விட்டு அகலக் கூடாது. செங்குத்தான ஏற்றத்தில் கெட்டிக்கார ஓட்டக்காரர்கூட முழங்காலில் கையை ஊன்றி நடந்துதான் ஏறுவார். இறக்கத்தில் தொடைத் தசைதான் பிரேக். கணுக்கால் பலப்படும். ஆனால் சீரான வேகம் என்பது அங்கே பழக்கத்தில் வராது.

தார்ச்சாலை நேர் எதிர். 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறவர் ஏறக்குறைய பத்தாயிரம் அடி வைக்கிறார். அத்தனையும் ஒரே மாதிரி அடி, ஒரே கெட்டியான தரை. கெண்டைக்காலும் முழங்காலின் கீழ் முன்னெலும்பும் வலியெடுப்பது அதனால்தான். மலைக்கென்று வாங்கிய, அடியில் பற்கள் வைத்த ஷூ தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஈரமான வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் வழுக்கவும் செய்யும். ஆக, மலையில் ஓடுகிறவர் சாலையில் தானாகவே ஜெயித்துவிடுவார் என்று நினைப்பது சரியில்லை.

உலக அளவில் இரண்டு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜிம் வாம்ஸ்லி என்றொரு மலை ஓட்டக்காரர் இருக்கிறார். 100 மைல் கொண்ட வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் மலை ஓட்டத்தை 2019இல் 14 மணி 9 நிமிடத்தில் முடித்துச் சாதனை படைத்தவர். மறு வருடம் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டிக்கு வந்தார். 2 மணி 15 நிமிடத்தில் ஓடி 22ஆவது இடம் பெற்றார். வென்றவர் அவருக்குச் சுமார் 6 நிமிடம் முன்பே முடித்துவிட்டார். இன்னொருவர் ஸ்பெயின் நாட்டின் கிலியன் ஜோர்னெட். மலை ஓட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். 2020இல் நார்வேயில் ஒரு 10 கி.மீ. சாலைப் போட்டியில் 29 நிமிடம் 59 நொடியில் ஓடினார். அருமையான நேரம், ஆனால் முதலிடம் அவருக்கு இல்லை. இரண்டு பேரையும் யாரும் "நீ மலைக்காரன், இங்கே வராதே" என்று தடுக்கவில்லை.

நம் நாட்டிலும் உண்டு. லடாக் மலையிலிருந்து ஜிக்மெத் டோல்மா என்ற பெண் கடலோர மும்பைக்கு இறங்கி வந்து, 2019 மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் மூன்றாவதாக வந்தார். அந்தப் போட்டியில் வெளிநாட்டு வீரர்களும் ஓடுகிறார்கள், இந்தியர்களுக்கென்று தனிப் பரிசும் இருக்கிறது. வெளியூர்க்காரரையும் விடலாம், உள்ளூர்க்காரருக்கும் பரிசு மிஞ்சும். நமக்கும் அந்த வழி போதும்.

இனி, நான் ஏன் கட்சி மாறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் பதிவு மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணி. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். போட்டிக்காக முந்தின நாளே சிறுமலையிலிருந்து இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்திருக்கிறான். எலுமிச்சை மூட்டை சுமக்கும் குதிரையின் பின்னால் தினமும் ஏறி இறங்குகிறவன்.

"சார், ஆதார்ல சிறுமலைதான் இருக்கு. ஓட விடமாட்டீங்களா?"

"ரூல்ஸ் தம்பி. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டி தொடங்கியதும், நம்பர் இல்லாமலேயே சாலை ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. முடிவுக் கோட்டில் நேரம் குறிக்கும் வேலையும் என்னுடையதுதான். எல்லோருக்கும் முன்னால் அவன்தான் வந்தான். ஆனால் கோட்டுக்குப் பத்தடி முன்பே நின்று, ஒதுங்கிக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தேன், 38 நிமிடம். நம் பகுதியின் முதல் ஆள் 43 நிமிடத்தில் வந்தார். கைதட்டினோம், மாலை போட்டோம். திரும்பிப் பார்த்தபோது பையனைக் காணோம்.

வங்கியில் இருந்த காலம் முழுக்க, வந்த தொகையை வராததாக நான் எழுதியதில்லை. அன்று என் பதிவேட்டில் அவன் ஓட்டத்துக்கு ஒரு வரி இல்லை. அந்தக் கணக்கு இன்றுவரை எனக்கு நேராகவில்லை.

தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்கிறோம். எந்த ஊர் என்று கேட்டுவிட்டா கொடுக்கிறோம்? இல்லையே.

என் யோசனைகள் இவை. ஒன்று, நம் குடியிருப்போருக்கான வயதுவாரிப் பரிசுகள் அப்படியே இருக்கட்டும். அதில் வெளியார் யாரும் கை வைக்க முடியாது. இரண்டு, 60 பேர் வரை பொதுப் பிரிவில் சேர்ப்போம். கட்டணம் தலைக்கு 200 ரூபாய் என்றால் 12,000 வரவு. ஆண், பெண் இரு பிரிவுக்கும் 3,000, 2,000, 1,000 என்று பரிசு கொடுத்தால் 12,000 செலவு. சங்கத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கட்டணம் கட்ட இயலாத முதல் ஐந்து மாணவருக்கு நான் கட்டுகிறேன். மூன்று, ஓட்டத்தை ஐந்தரை மணிக்கே தொடங்குவோம். மலைக் குளிரில் ஓடிப் பழகியவர்களை நம் ஊர் வெயில் சீக்கிரம் சாய்த்துவிடும், நம்மையும்தான். இரண்டு கி.மீ.க்கு ஒரு இடத்தில் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு, முடிவில் ஆம்புலன்ஸ். வேகத்தடைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மலையில் ஓடிப் பார்க்க ஆசை வந்தால், 18 கொண்டை ஊசி வளைவு உள்ள சிறுமலைச் சாலையில் வண்டி வரும் என்பதை மறக்காதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்கலாகாது.

அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. சிறுமலைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். இந்த முறை பதிவு மேசையில் நம்பர் வாங்கிக்கொண்டு அவன் ஓடட்டும், கோட்டைத் தாண்டியே வரட்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் நேரத்தை நான் பேனாவில் எழுத வேண்டும்.

தீர்மானத்துக்கு உங்கள் ஆதரவைக் கேட்டு விடைபெறுகிறேன்.