நம் மிளகு துரத்திய மசாலாக்கள்



லண்டனில் இகோயி என்று ஓர் உணவகம் இருக்கிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதி ஒன்றின் பெயர் அது. 2017-இல் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் லாகோஸ்காரரான இரே ஹசன்-ஒடுகாலே. மற்றவர் சமையல்காரர் ஜெரமி சான். அவருடைய அப்பா ஹாங்காங்கைச் சேர்ந்த சீனர், அம்மா கனடாக்காரர். மேற்கு ஆப்பிரிக்க மசாலாக்களை முன்னால் வைத்துச் சமைக்கிற இடம் அது. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேடு 2022-இல் இரண்டாவது நட்சத்திரமும் கொடுத்துவிட்டது. ஓர் ஆள் சாப்பிட 300 பவுண்டுக்கு மேல் ஆகும். நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும்.

சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு இதை ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நமக்குப் பக்கத்தில் வடலூர். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்று 30,000 ரூபாய்ச் சாப்பாட்டைப் புகழ எனக்கு மனம் வராது. நான் பேச வந்தது அந்தத் தட்டில் இருக்கிற சரக்கைப் பற்றி. அந்தச் சரக்குக்கும் நமக்கும் ஐந்நூறு வருஷத்துப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

மெலகெட்டா என்று ஒரு விதை. இஞ்சிக்கும் ஏலக்காய்க்கும் உறவு. ஏலக்காய் விதையைவிடக் கொஞ்சம் பருமனாக, செம்பழுப்பாக இருக்கும். கடித்தால் முதலில் மிளகுக் காரம், பின்னாலேயே ஏலக்காயும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போல ஒரு மணம். ஐரோப்பாவில் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இதற்கு நல்ல கிராக்கி. இன்றைய லைபீரியாவின் கடற்கரைக்கு இந்த விதையை வைத்தே பேர் சொன்னார்கள். போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்கக் கரையோரமாகவே கப்பல் விட்டுக்கொண்டு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் மசாலா வியாபாரங்களில் இது ஒன்று.

பிறகு 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கினார். நம் மிளகு மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. மெலகெட்டா மெல்ல மெல்ல ஐரோப்பியச் சமையலறைகளை விட்டு மறைந்தது. இன்றைய நைஜீரியாவில் அன்று இருந்த பெனின் அரசில் இன்னொரு மிளகும் கிடைத்துக்கொண்டிருந்தது. நம் கருமிளகுக்கு அது பங்காளி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வால்மிளகு போலக் காம்போடு இருக்கும். இந்திய மிளகின் விலை விழுந்துவிடக் கூடாது என்று போர்த்துகல் அரசு அந்த பெனின் மிளகு வியாபாரத்தையே தடுத்தது. நம் மலையாளக் கரையின் மிளகு செழித்ததற்குப் பின்னால் இன்னொரு கரையின் மிளகு வீழ்ந்த கதை இருக்கிறது. இதை நம் பாடப் புத்தகத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஊரை விட்டுப் போகாத சரக்கு ஊருக்குள் உயிரோடு இருந்தது. அந்தக் காம்பு மிளகை நைஜீரியாவில் உஸீஸா என்கிறார்கள். உடா என்று இன்னொரு காய். காய்ந்த பயற்றங்காய் போலக் கறுத்து நீண்டிருக்கும், புகை வாசம் வரும். பிள்ளை பெற்றவளுக்கு இந்த இரண்டையும் இடித்துப் போட்டு, காரமாக, சுடச்சுட மிளகு ரசம் போல ஒன்று வைத்துக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் மருந்துக் குழம்பு வைக்கும் பாட்டி ஒருத்தியை அங்கே கொண்டுபோய் விட்டால், பாஷை தெரியாமலே கூடமாட நின்று வேலை செய்துவிடுவாள்.

சரி, அந்த உணவகத்தில் என்ன நடக்கிறது? டேஸ்டிங் மெனு என்பார்கள். நாம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது கிடையாது. சமையல்காரர் முடிவு செய்த வரிசையில் ஒவ்வொன்றும் இரண்டு வாய், மூன்று வாயாக வரும். சென்னை கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலில், 2017 முதல் நடக்கும் ஆவர்த்தனாவிலும் இதே முறைதான். அங்கே தெளிவாக இறக்கிய தக்காளி ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். சோற்றில் பிசையாமல், வேறெதுவும் கூட இல்லாமல், ரசம் தனியாக நாக்குக்கு வருகிறது. சீரகம் எங்கே நிற்கிறது, மல்லி எங்கே நிற்கிறது என்று அப்போது தெரிகிறது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். பெரிய பந்தியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும் ஒரு மசாலாவுக்குத் தனியாக ஒரு நாற்காலி கிடைக்கிறது.

இகோயியில் பேர் வாங்கிய தட்டு ஜோலோஃப் சோறு. தக்காளி, வெங்காயம், மிளகாய் வதக்கி அதிலேயே அரிசியை வேகவிடும் சோறு. செனகலின் வோலோஃப் மக்களிடமிருந்து மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. கல்யாண வீடுகளில் விறகடுப்பில் பெரிய அண்டாவில் வைப்பார்கள். அடிப்பிடித்த அந்தப் புகை வாசத்துக்காகவே சாப்பிடுகிறவர்கள் உண்டு. லண்டனில் அதே புகையை மூடிக்குள் அடைத்துக் கொண்டுவந்து மேசையில் திறக்கிறார்கள். ஒரு சேதி சொல்கிறேன்: நைஜீரியக் குடும்பங்கள் பலவற்றில் ஜோலோஃபில் கறிப்பொடி போடுவது வழக்கம். வெள்ளைக்காரன் நம்மிடம் கற்று டப்பாவில் அடைத்த பொடி அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இகோயியின் தட்டைப் பார்த்து, இது எங்கள் சாப்பாடே இல்லை என்று சொன்ன நைஜீரியர்களும் உண்டு. ஜெரமி சானும் தன் சமையலை நைஜீரியச் சமையல் என்று சொல்லிக்கொள்வதில்லை. என் மனம் இன்னொரு இடத்தின் பக்கம் சாய்கிறது. அடெஜோகே பகாரே என்ற பெண்மணி, வட நைஜீரியாவின் கடூனாவைச் சேர்ந்தவர், சமையல் பள்ளி எதிலும் படிக்காதவர். 2020-இல் லண்டனின் பிரிக்ஸ்டனில் சிஷூரு என்ற உணவகத்தைத் திறந்தார். 2024-இல் அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. பிரிட்டனில் அந்த நட்சத்திரம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் சமையல்காரர் அவர். அவர் ஊர்ப் பக்கத்தில் அரிசி மாவைப் புளிக்கவைத்துக் குழிச் சட்டியில் ஊற்றி மாசா சுடுகிறார்கள். பார்த்தால் நம் குழிப்பணியாரம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இரு அல்லது தவாதவா என்று ஒரு பொருள் உண்டு. ஒருவகை மரத்தின் விதையை வேகவைத்துப் புளிக்கவைப்பார்கள். கருவாடு மாதிரி வாசம் தூக்கும். ஒரு சிட்டிகை போட்டால் குழம்பு எழுந்து நிற்கும். செய்வதற்குச் சில நாள் ஆகும். பெரும்பாலும் பெண்கள் செய்து விற்கும் பொருள். கம்பெனி சூப்புக் கட்டிகள் வந்தபின் நகரத்து வீடுகளில் இதன் இடம் சுருங்கிவிட்டது. வாசம் வருகிறதே என்று கூச்சப்பட்டு ஒதுக்கியவர்களும் உண்டு. அதே இரு இப்போது லண்டனில் நட்சத்திர உணவகத்தின் மேசைக்கு வருகிறது. அந்தக் கூச்சம் அவிழ்கிறதே, அதற்காகத்தான் நான் இதை மதிக்கிறேன்.

கூச்சம் என்றால் நமக்கும் தெரியும். நியூயார்க்கில் செம்மா என்ற உணவகத்தை நடத்தும் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். அவருடைய பேர் பெற்ற பண்டம் நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் பொறுக்கிச் சமைத்தது, வறுமையின் சாப்பாடு. 2022-இல் செம்மாவுக்கு மிஷலின் நட்சத்திரம், 2025-இல் அவருக்கு அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குத் தரும் ஜேம்ஸ் பியர்டு விருது. எங்கள் பக்கத்து வீராணம் ஏரிப் பாசன வயல்களிலும் நத்தை உண்டு. சாப்பிட்டவர்கள் வெளியே சொல்லத் தயங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழுக்குக் கம்பு எங்கிருந்து வந்தது? மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டுப் பக்கத்தில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே கம்பைப் பயிராக்கியிருந்தார்கள். பிறகு அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. காராமணிக்கும் ஆப்பிரிக்காதான் தாய்வீடு. நைஜீரியாவில் காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து எண்ணெயில் போட்டால் அக்காரா, இலையில் கட்டி அவித்தால் மொயிமொயி. நம் மிளகு அவர்கள் மசாலாவைச் சந்தையிலிருந்து தள்ளுவதற்கு மூவாயிரம் வருஷம் முன்னாலேயே அவர்களுடைய தானியம் நம் வயிற்றை நிரப்பத் தொடங்கிவிட்டது.

கடைசியாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியர் கையால் ஆப்பிரிக்கா போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் மல்லாட்டையும், பாண்டிச்சேரி வழியாகப் போன நம் பக்கத்து மல்லாட்டையும், மார்செய் என்ற ஒரே பிரெஞ்சுத் துறைமுகத்தில் எண்ணெய் ஆலைகளுக்காக இறங்கின. இன்றும் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பேரில் புது மல்லாட்டை ரகங்களை வெளியிடுகிறது.

நைஜீரியாவின் ஹௌசா மக்கள் மல்லாட்டையில் எண்ணெயைப் பிழிந்தபின் நிற்கும் சக்கையை வீணாக்குவதில்லை. அதைப் பொரித்து, இடித்து, யாஜி என்ற பொடி செய்கிறார்கள். கம்பியில் கோத்த இறைச்சியில் தடவிக் கனலில் வாட்டினால் அதற்கு சூயா என்று பேர். தெருவோரத்தில் வெங்காயத்தோடு செய்தித்தாளில் மடித்துத் தருவார்கள். இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு உழக்கு மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, உரலில் நசுக்கி, துணியில் கட்டி எண்ணெய் வடியப் பிழியுங்கள். சக்கையை உதிர்த்து வாணலியில் ஈரம் போக வறுங்கள். காய்ந்த மிளகாய், சுக்கு, உப்பு சேருங்கள். உடா இங்கே கிடைக்காது. மிளகும் இரண்டு கிராம்பும் போதும். கரகரப்பாக இடிக்கவேண்டும், நைஸாக அரைத்தால் களியாகிவிடும். கறி சாப்பிடாதவர்கள் வேகவைத்த சேப்பங்கிழங்கில் புரட்டித் தோசைக்கல்லில் போடலாம். எண்ணெய் மட்டும் மல்லாட்டை எண்ணெயாக இருக்கட்டும்.