மாத்திரையும் தாயும்



ஒரு குழந்தை உரிய வயதில் பேசவில்லை, பிறர் முகம் பார்த்துப் பழகவில்லை என்றால் நம் மக்கள் முதன் முதல் கேட்கும் கேள்வி என்ன? "தாய் என்ன செய்தாள்?" என்பதுதான். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். பூர்வ ஜென்ம பாபம் என்பார்கள். இது நம் நாட்டுப் பாமர மக்களின் புத்தி மாத்திரம் என்று எண்ணி விடாதீர்கள். மெத்தப் படித்த அமெரிக்காவிலும் இதே கேள்வி வேறு வேஷத்தில் உலாவுகின்றது.

நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால்தான் அங்கே டைலனால் என்ற பெயரில் விற்கப்படுகின்றது. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டதால் பிள்ளைகளுக்கு ஆட்டிசமும், ஒன்றில் நிலைத்துக் கவனஞ் செலுத்த முடியாத நிலையும் உண்டாயின என்று நூற்றுக்கணக்கான குடும்பத்தார் கம்பெனி மீதும் கடைக்காரர்கள் மீதும் வழக்குத் தொடுத்தனர். 2022-ல் அவை நியூயார்க் கோர்ட்டில் ஒன்று சேர்க்கப்பட்டன. 2023 டிசம்பரில் நீதிபதி டெனிஸ் கோட், வாதிகளின் நிபுணர்கள் கூறிய காரணம் விஞ்ஞான முறையில் நிற்கவில்லை என்று அவர்கள் சாட்சியத்தைத் தள்ளினார். 2024-ல் வழக்குகளும் தள்ளுபடியாயின. வாதிகள் அப்பீல் செய்தார்கள்.

நிற்க, 2025 செப்டம்பரில் அந்நாட்டுத் தலைவர் டிரம்ப் மேடையேறி, கர்ப்பிணிகள் இம்மாத்திரையை விழுங்காது வலியைப் பொறுத்துக் கொள்ள வேண்டுமென்று உபதேசஞ் செய்தார். அடுத்த மாதம் டெக்சாஸ் மாகாணத்தின் தலைமைச் சர்க்கார் வக்கீல் கம்பெனி மீது வழக்குப் போட்டார். பதவியில் உள்ளவர் சொன்னதால் ஒன்று மெய்யாகி விடுமா என்று கேட்கின்றோம்.

மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்நிலை சற்று அதிகம் காணப்பட்டதாகச் சில ஆராய்ச்சிகள் கூறியது உண்மையே. ஆனால், வைத்தியர் வீட்டுத் திண்ணையில் நோயாளிகள் அதிகம் இருப்பதால் அத்திண்ணைதான் நோயைக் கொடுத்தது என்று சொல்லலாமா? மாத்திரை விழுங்கியவள் ஏன் விழுங்கினாள்? காய்ச்சலா, தொற்று நோயா, ஓயாத தலைவலியா? அவள் குடும்பத்தில் வழிவழியாக வருவது என்ன? இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

சுவீடனில் அப்படித்தான் பார்த்தார்கள். 1995 முதல் 2019 வரை பிறந்த 24 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவாக ஒப்பிட்டபோது சிறு வித்தியாசம் தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்டபோது சுமந்த பிள்ளையையும் சாப்பிடாதபோது சுமந்த பிள்ளையையும் ஒப்பிட்டவுடன் அவ்வித்தியாசம் மறைந்து போயிற்று!

நாம் கம்பெனிக்கு வக்கீல் அல்ல. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. 1961-ல் அது நிறுத்தப்பட்டது. ஆகவே எம்மருந்தையும் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சந்தேகம் வேறு, ருஜு வேறு. கடுங் காய்ச்சலைக் கவனியாது விடுவதும் கருவுக்குக் கேடுதான். இபுப்ரோபென் போன்ற மாத்திரைகளையோ 20 வாரத்துக்குப் பின் தவிர்க்கும்படி 2020-ல் அமெரிக்க மருந்து இலாகாவே எச்சரித்திருக்கின்றது. பின் அவள் எதைத்தான் சாப்பிடுவது? வைத்தியரைக் கேட்டு, தேவையான போது, தேவையான அளவு சாப்பிடுவதே அறிவுடைமை.

தோழர்களே! ஒரு காலத்தில் அந்நாட்டு மனோதத்துவ வைத்தியர்கள் சிலர், தாய்க்குப் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகின்றது என்று சொல்லி, அத்தாய்மாருக்கு "ஐஸ்பெட்டி" என்று பட்டமுஞ் சூட்டினார்கள். 1977-ல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது பரம்பரையின் பங்கு வெளிப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் குற்றவாளிகளாக நின்று கண்ணீர் வடித்திருப்பார்கள்! அன்று பாசம், இன்று மாத்திரை; கூண்டில் நிறுத்தப்படுபவள் மாத்திரம் மாறவே இல்லை.

அக்குழந்தை யாருடைய பாபமும் அல்ல. யாருக்கும் கிடைத்த தண்டனையும் அல்ல. அதற்கு வேண்டியது பேச்சுப் பயிற்சி, பொறுமையுள்ள ஆசிரியர், சேர்த்துக் கொள்ளும் பள்ளிக்கூடம். "தாய் என்ன செய்தாள்?" என்று கேட்பவரை, "இந்தப் பிள்ளைக்கு நீர் என்ன செய்தீர்?" என்று திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம்.