பங்குத் தரகரால் பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடியேன் வேதியியல் படித்தவன். 34 ஆண்டுகள் அரசாங்கத்தின் எடை அளவுத் துறையில் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன். ஆகவே ஆன்மிகத்தைத் தகுந்தவர்களுக்கு விட்டுவிட்டு, லௌகிகமான ஒரு விஷயத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் ஊரே பங்குப் பணத்தில் பிறந்த ஊர்தான். 1880-ல் லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய மூலதனத்தில்தான் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி இங்கே தோண்ட ஆரம்பித்தது. அதே சமயம் நீலகிரி-வயநாடு பகுதியில் தங்கம் கிடைக்கும் என்று சொல்லியும் ஏராளமான கம்பெனிகள் பங்கு விற்றன. அவற்றில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் நம் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் ஓய்வுப் பணம் வரும் வீட்டைத் தேடி முதலில் வருபவர் ஏஜெண்டுதான்.

என் தமக்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்திம்பேர் காலமான பின், அவர் சேர்த்து வைத்த பங்குகளை அக்கா பெயருக்கு மாற்ற ஒரு தரகு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினோம். படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் இருந்தவன் நான்தான். மின்னஞ்சல் முகவரி என்ற கட்டத்தில் அந்த நிறுவனத்து இளைஞர் தம் முகவரியையே எழுதிக்கொண்டார். ஆயுள் முழுவதும் பிறர் தராசைச் சோதித்தவன், அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

2024-ல் வழக்கமாக வரும் டிவிடெண்ட் வரவில்லை. பாஸ்புக்கைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தாள். விசாரித்தால், பாதிப் பங்குகளை விற்று, முன்பேர வணிகத்தில் விட்டிருந்தார்கள். அக்கா இதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்டா" என்றாள். பணம் போனதைவிட அந்த இரண்டு மாத மௌனம்தான் எனக்கு வேதனை.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்தின் கார்வி நிறுவனம் பெரிய பெயர். 95,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் சுமார் 2,300 கோடி ரூபாய்ப் பங்குகளை அது அடமானம் வைத்துக் கடன் வாங்கியதாக வெளிவந்தது. 2019 நவம்பர் 22-ல் செபி தடை உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 2-ல் 82,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பங்குகள் திரும்பின. 2020 நவம்பரில் தேசிய பங்குச் சந்தை அந்நிறுவனத்தைக் கடன் தவறியதாக அறிவித்து நீக்கியது. 2023 ஏப்ரலில் செபி அதையும் அதன் தலைவரையும் ஏழு ஆண்டுகளுக்குச் சந்தையிலிருந்து விலக்கியது.

இனி, செய்ய வேண்டியவை.

முதலில் தரகருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். நேரில் போய்ச் சத்தம் போடுவதால் சாட்சியம் உண்டாகாது. திருப்தியான பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். ஓராண்டுக்குள் பதிய வேண்டும். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சந்தேகமிருந்தால் செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 22 7575.

அதிலும் தீரவில்லையென்றால் 2023-ல் வந்த ஸ்மார்ட் ஓ.டி.ஆர். என்ற இணையவழி முறை இருக்கிறது. முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. சமரசக் கட்டத்தில் முதலீட்டாளருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் அதே விவகாரம் வேறு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது.

அக்காவின் விஷயத்தில், "அம்மாதான் போனில் சொன்னார்கள்" என்றார்கள். 2018 முதல் ஒரு விதி உண்டு: வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தார் என்பதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டியவர் தரகர்; தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டியவரும் அவரே. சமரசர் அந்த ஒலிப்பதிவைக் கேட்டார். அவர்களிடம் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு நஷ்டத்தைத் தர ஒப்புக்கொண்டார்கள். சந்தையிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை மாதக்கணக்கில் நாங்கள் பார்க்காமல் இருந்ததால் மீதியை விட்டுக்கொடுத்தோம். அது எங்கள் கவனக்குறைவுக்கு நாங்கள் கட்டிய அபராதம்.

தரகரே திவாலானால் பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் உச்சவரம்புக்கு உட்பட்டு நஷ்டஈடு கோரலாம். அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்ற வாக்குறுதியை நம்பிக் கொடுத்த பணத்துக்கு அந்த நிதியில் இடமில்லை.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுக்கா அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்தை அணுகலாம். தொலைபேசி எண் 15100. போலிக் கையெழுத்து, மோசடி என்றால் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

முடிவாக, என் உத்தியோகத்தில் கற்ற ஒரு பாடம். தராசு வியாபாரியிடம் இருக்கலாம். முத்திரை அவரிடம் இருக்கக் கூடாது. தரகர் காட்டும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிவத்தில் உங்கள் தொலைபேசியும் உங்கள் மின்னஞ்சலுமே இருக்கட்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் தனியாக இருக்கும் அக்காவையோ மன்னியையோ இந்த மாதம் ஒருமுறை சென்று பாருங்கள். "கணக்குச் சரியாக இருக்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள்.